இந்தக் குளிருக்கு எந்தப் பெலட்

டிக் என்று ஒன்று விழுந்தது. பிறகு இரண்டு சேர்ந்து விழுந்தன. பிறகு சத்தமில்லை. அடுப்பு தன் வேலையை மறந்துபோனதோ என்று வேணி தலையை நிமிர்த்தும்போது நாலைந்து ஒன்றாக இரும்புக் கிண்ணத்துக்குள் கொட்டின, நெருப்பு ஒருதரம் எழும்பி அடங்கியது, அடுப்புக்கு எதிரே சோபாவில் படுத்திருந்த நடேசனின் முகத்தில் அந்த வெளிச்சம் வந்து போனது. அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்தே அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நெருப்பைப் பார், பெலட்டைப் பார், யன்னலுக்கு வெளியே வயலை மூடிக் கிடக்கிற பனிப்புகாரைப் பார், அந்த முகத்தை மட்டும் பார்க்காதே, நீ அதைப் பார்த்தால் அது உன்னைப் பார்த்துவிடும். பெலட் என்பது அப்படிப் பெரிய விசயம் ஒன்றுமில்லை. மரத்தூளை இறுக்கி அமத்திச் சின்னக் குச்சியாக வெட்டினது. தெரியாதவன் பார்த்தால் கோழித்தீன் என்பான். ஆனால் அவளுடைய புருசனிடம் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. இத்தாலியில் இந்த ரெஜ்ஜோ எமிலியாவில் இருக்கிற தமிழ்ச் சனம் ஒக்டோபர் பிறந்தால் கோயிலுக்குப் போகுதோ இல்லையோ, நடேசனுக்கு ஒரு போன் அடிக்கும். "அண்ணை, இந்தமுறை எது?" அவரும் பொருத்தம் பார்க்கிற சாத்திரியார் மாதிரிக் கொஞ்சம் இழுத்து, "பொறும் தம்பி, நான் இன்னும் எரிச்சுப் பாக்கேல்லை" என்பார். பெலட் நடேசன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். வருசா வருசம் மூன்று கடையில் மூன்று பை வாங்குவார், அரிசி அளக்கிற சுண்டால் அளந்து அளந்து எரிப்பார், தண்ணீர்க் கிளாசில் போட்டுத் தாழுதா மிதக்குதா என்று பார்ப்பார், தாழ்ந்தால் நல்ல பெலட், மிதந்தால் கடைக்காரன் கள்ளன். இரண்டாக முறித்துக் காதுக்குக் கிட்டப் பிடிப்பார். மணப்பார். ஒருமுறை நாக்கிலும் வைத்துப் பார்த்தார், அதைக் கண்ட மகள் கௌசிகா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இந்த வருசமும் யன்னல் விளிம்பில் மூன்று கிளாஸ் வரிசையாக நிற்கிறது, மேசையில் சாம்பல் போட்டு வைக்கத் தேத்தண்ணிச் சோசர் இருக்கிறது, எல்லாம் வழக்கம்போலத்தான், சுண்டைத் தூக்குகிற கை மட்டும் இந்தமுறை அவளுடையது.

முந்தாநாள் எரித்தது ஃபாஜ்ஜோ மரத்தின் பெலட், கறுத்தது, கனமானது. அதற்கு அவர் வைத்த பெயர் கறுவல். நேற்று எரித்தது எல்லாம் கலந்தது, அது கலப்பன். இப்போது எரிவது அபேத்தே, மலைப்பக்கத்து ஊசியிலை மரம், வெள்ளை வெளேரென்று இருக்கும், வெள்ளையன். வெள்ளையனை அவருக்கு எந்தக் காலத்திலும் கண்ணில் காட்டக் கூடாது. வாய்க்காரன் என்பார், பத்தி எரியும், பெரிசாய்ச் சூடு காட்டும், திரும்பிப் பார்க்க முதல் முடிந்துபோம். கறுவல் அப்படி இல்லை, மெல்லத்தான் பிடிக்கும், பிடித்தால் நின்று எரியும், பின்நேரம் போட்டால் விடிய மட்டும் வீடு சூடாகக் கிடக்கும். சாம்பல் கூடத்தான், கிண்ணத்துக்குள் கட்டிபட்டுப் போகும், நாள் தவறாமல் சுரண்டவேண்டும், அதனால் என்ன, உழைக்கிறவன் வீட்டில் குப்பை இருக்கத்தானே செய்யும் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். விடிய எழும்பிச் சுரண்டுவதும் அவர்தான். கம்பியால் அந்தக் கிண்ணத்தைக் கரகரவென்று சுரண்டுகிற சத்தத்தில்தான் இத்தனை குளிர்காலமும் அவள் கண்விழித்திருக்கிறாள், எத்தனைதரம் திட்டியிருக்கிறாள், விடியக் காத்தால ஆக்களை நித்திரை கொள்ள விடமாட்டியளோ என்று. முந்தாநாள் அந்தக் கிண்ணத்தை அவளே சுரண்டினாள். சத்தம் வேறு மாதிரி வந்தது, அவர் சுரண்டுகிற சத்தம் வரவில்லை, எவ்வளவு அழுத்திப் பார்த்தும் வரவில்லை. இனி அது வராது. இந்த "இனி" என்ற சொல் ஒன்று இருக்கிறதே, அது நினைப்புக்குள் முள் மாதிரி எல்லாவற்றிலும் மாட்டுகிறது, சோறு போட்டால் இனி, சேட்டு மடித்தால் இனி, அவருடைய சப்பாத்து கதவடியில் கிடக்கிறது, அதை எடுத்து வைக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வேணி எழும்பிப் போய்ச் சுண்டை எடுத்து, வெள்ளையனை அள்ளி, அடுப்பின் மேல்தொட்டிக்குள் போட்டாள். தூசி ஒன்றும் பறக்கவில்லை.

"எத்தினையாவது சுண்டு?"

"இரண்டாவது."

"சுடர் என்ன நிறம்?"

"மஞ்சள். மேல கொஞ்சம் வெள்ளையா இருக்கு."

"அடுப்புக் கண்ணாடி கறுக்குதோ?"

"இல்லை. வடிவா இருக்கு."

"ம்" என்றார், கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். முந்திய காலமென்றால் இந்த "ம்"முக்குப் பின்னால் ஒரு பிரசங்கமே வரும், அடுத்த சித்திரையில் அள்ளுகிற சாம்பல்வரை போவார், இப்போது மூச்சு அவ்வளவுக்குக் காணாது. கண்வெள்ளை மஞ்சளித்துப்போய்விட்டது. ஒக்டோபர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அயலில் இன்னும் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை, வெளியே இத்தாலியன் கிழவர்கள் சுவெட்டரோடு சைக்கிள் ஓடுகிறார்கள், இவருக்கு இரண்டு போர்வைக்குள்ளும் குளிர்கிறது. உள்ளுக்குள்ளிருந்து வருகிற குளிருக்கு எந்தப் பெலட்டைப் போடுவது, அதை எந்தக் கடையில் கேட்பது. அதை யாரிடமாவது வாய்விட்டுக் கேட்டால் நல்லது போல இருந்தது, கேட்க ஆள் யார், இதுவரை பெலட் விசயத்தில் கேட்கிற ஆள் அவர்தான். பிழை அவளுடையதும்தான், எல்லாவற்றையும் அவரிடம் கேட்டே பழகிவிட்டாள்.

எந்தப் பெலட் என்பதல்ல அவளுடைய பிரச்சினை. எது என்றாலும் எரியும். எத்தனை பை என்பதுதான் பிரச்சினை. பெலட் விற்கிற எர்மெஸ்ஸின் கடை இன்றைக்குப் பூட்ட முதல் போன் எடுத்துச் சொல்லிவிட வேண்டும், நாளைக்குச் சொன்னால் லொறி அடுத்த மாதம்தான் வரும் என்று எர்மெஸ் நேற்றே சொல்லிவிட்டான். வழக்கமாக எடுப்பது ஒரு முழு அடுக்கு, மரப்பலகையில் ஆளுயரத்துக்கு அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, லொறியில் கொண்டுவந்து வாசலில் இறக்குவான், நடேசன் ஒவ்வொரு பையாகத் தூக்கிக் கராஜின் சுவரோரம் அடுக்குவார், அடுக்கி முடித்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பார். "இனிச் சித்திரை மட்டும் பயமில்லை" என்பார். இந்த வருசம் ஒரு முழு அடுக்குக்குச் சொன்னால், அந்தச் சித்திரையை யாருக்கென்று அடுக்குவது. முழு அடுக்கு எரிந்து முடிய முதலே, பாதியும் முடிய முதலே, அந்தச் சோபா வெறுமையாகிவிடும், பிறகு தை மாதத்தில் அவள் ஒருத்தி கராஜுக்குள் போய்ப் பையைத் தூக்கும்போது ஒவ்வொரு பையும் அவரில்லாத ஒரு நாள், ஒரு நாளாக இழுத்து இழுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து எரிக்க வேண்டும், அப்படிச் சுவர் நிறையக் கிடக்கும். சரி, பத்துப் பை போதும் என்று சொல்லலாம். எர்மெஸ் ஒன்றும் கேட்கமாட்டான். ஆனால் இந்த மனிசன் கேட்பார். ஏன் பத்து, ஏன் இந்தமுறை பத்து, என்று அந்த மஞ்சள் கண்ணைத் திறந்து ஒருதரம் கேட்டாரென்றால் அவள் இத்தனை நாளும் கட்டிக் காத்த பொய் அந்த இடத்திலேயே அவிழ்ந்து விழுந்துவிடும். முழு அடுக்கும் எடுக்க முடியாது, பத்தும் எடுக்க முடியாது. இதற்காகத்தான் அவள் மூன்று நாளாகக் கறுவல், கலப்பன், வெள்ளையன் என்று ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டிருக்கிறாள், எது என்று முடிவாகும் வரைக்கும் எத்தனை என்ற கேள்வி வராது என்று. கடைசிப் பை இது. இதற்கு மேல் எரித்துப் பார்க்க அவளிடம் ஒன்றும் இல்லை.

டிக். டிக் டிக். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் விசயத்தைச் சொன்ன டொக்டர் சின்னப் பெட்டை, கௌசிகாவின் வயதுதான் இருக்கும். மேசைக்குப் பின்னால் இருந்த கதிரையை இழுத்துக்கொண்டுவந்து இவர்களுக்குக் கிட்டப் போட்டு இருந்தாள். டொக்டர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாலே விசயம் முடிந்துவிட்டது என்று வேணிக்குத் தெரியும், இந்த நாட்டுக் கிழவர் கிழவிகளைப் பராமரிக்கிற வேலைக்குப் போய், அப்படி எத்தனை கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டிருக்கிறாள். டொக்டர் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கணையத்தில் இருந்தது ஈரலுக்குப் போய்விட்டது. இனி மருந்து வேலை செய்யாது. நோகாமல் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கள் பொறுப்பு. இந்த இன்வேர்னோ எங்களோடு இருப்பார் என்று நம்புவோம், முழு இன்வேர்னோவும் என்று நான் சொல்லமாட்டேன். இன்வேர்னோ என்றால் குளிர்காலம். சொல்லிவிட்டு, இதை அவருக்குச் சொல்லுங்கள் என்பது போல வேணியைப் பார்த்தாள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நடேசனுக்கு இத்தாலியன் வாய் வேணிதான். அவருக்கு ஓடு சுடுகிற ஃபக்டரியில் இரவு வேலை, சுற்றிவர மெசினும் மொறோக்கோக்காரரும் நாலு தமிழரும், மொழி எங்கே வரும். வங்கிக்குப் போனாலும் அரசாங்கக் கச்சேரிக்குப் போனாலும் பக்கத்தில் நின்று, "என்னவாம்?" என்பார், அவள் சொல்லுவாள். அன்றைக்கும் கேட்டார், "என்னவாம்?" அவளுடைய வாய் திறந்தது, அதற்குள் இருந்து என்ன வரப்போகிறதென்று அவளுக்கே தெரியாது. "குளிர்காலம் முடியட்டாம். பிறகு மருந்தை மாத்திப் பாப்பமாம்." வந்துவிட்டது. நடேசன் ஒருதரம் தலையாட்டினார். "அந்தப் பிள்ளை அவ்வளவு நேரம் கதைச்சுது, நீர் இவ்வளவு தான் சொல்லுறீர்?" "இத்தாலியனெண்டா அப்பிடித்தானே, சுத்தி வளைச்சுத் தான் கதைப்பினம். நல்லாச் சாப்பிடட்டாம்." அவர் மறுபடி தலையாட்டிவிட்டு, டொக்டரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கிராத்சியே என்று நன்றி சொல்லிச் சிரித்தார். அந்தப் பெட்டைக்குக் கண் கலங்கியது. இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாரே, என்ன தைரியம் என்று நினைத்திருப்பாள், பாவம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஆனால் அவள் தனியே கண்டுபிடித்த வித்தையா இது, அவர்களுடைய சனத்தில் எந்த வீட்டில் நோயாளிக்கு நோயைச் சொன்னார்கள். நடேசனின் தமையனுக்கு வயிற்றில் வந்தபோது அல்சர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மனைவி சொன்னா, பிள்ளைகள் சொன்னார்கள், பருத்தித்துறையில் இருந்த டொக்டரே சொன்னார், இங்கிருந்து போன் எடுத்து நடேசனும் சொன்னார். "அண்ணை, உறைப்பைக் குறையுங்கோ, சரிவரும்." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டு, இதே அறையில், இந்த அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து அழுதார். தமையன் செத்த பிறகு ஒருநாள், சம்பந்தமில்லாமல், பையை அவிழ்த்துக்கொண்டு நிற்கும்போது சொன்னார், "அண்ணருக்குத் தெரிஞ்சு தான் இருந்திருக்கும் வேணி. நாங்கள் சொன்னதை நம்பினவர் மாதிரி இருந்தவர். பாவம், அந்த வருத்தத்துக்கை இந்த வேலையும் அவருக்கு." அந்த வசனத்தைத் தூக்கிக் கொடியில் போட்டது போல அன்றைக்கு விட்டுவிட்டாள். இப்போது அது வந்து முகத்தில் அடிக்கிறது. அவருக்கும் தெரியுமோ. இல்லை, தெரியாது. தெரிந்தால் பெலட் பார்ப்பாரா, கண்ணாடி கறுக்குதோ என்று கேட்பாரா, கலப்பனை எரித்தபோது போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிச் சாம்பலை விரலால் தொட்டு உரசிப் பார்த்தாரே. இன்னும் ஆறு மாதத்துக்குக் கணக்குப் போடுகிற ஆள்தான் அப்படிப் பார்ப்பார். தெரியாது. தெரியக் கூடாது. தெரியாமல் இருக்கிறபடியால்தான் அவர் இருக்கிறார் என்று அவள் ஏதோ ஒரு மூலையில் நம்புகிறாள், அவள் வாயைத் திறந்து சொன்னால் அந்த நிமிசமே போய்விடுவார் என்று. பைத்தியக்கார நம்பிக்கைதான். வேறொன்றும் கையில் இல்லை.

போன் அடித்தது. கௌசிகா. வேணி எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அம்மா, அப்பா என்ன செய்யிறார்?"

"பெலட் பாக்கிறார்."

"இப்பவுமோ?" மகளின் குரல் சிரிக்கத் தொடங்கி உடைந்துபோனது. பொலோஞ்ஞாவில் வேலை, பேருந்தில் நிற்கிறாள் போல, பின்னால் சத்தம். "அம்மா, நீங்கள் நிறைய வாங்கிப் போடாதேங்கோ. பிறகு நீங்கள் என்னோட தானே வந்து இருக்கப் போறியள். இஞ்ச அடுப்பே இல்லை, சுவருக்கை சூடு வருகுது."

"பிறகெண்டா எப்ப?"

  இரண்டு பேருக்கும் நடுவில் அந்த "பிறகு" கிடந்தது. "அம்மா, அப்பாக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ, என்ன" என்றாள் கடைசியில், ஒவ்வொரு முறையும் சொல்வது போல. தமிழை மறந்தாலும் இந்தப் பழக்கத்தைப் பிள்ளை மறக்கவில்லை. போனை வைத்துவிட்டு வேணி குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். குசினி யன்னலால் பார்த்தால் வயலும் தெரியவில்லை, ரோட்டும் தெரியவில்லை, பக்கத்து வீட்டு மதிலோடு உலகம் முடிந்துபோயிருந்தது. இந்த ஊரின் புகார் இப்படித்தான், வந்தால் தை கடந்துதான் போகும், முதல் வருசம் இதைப் பார்த்து அழுதவளுக்கு, "புகாருக்குப் பயப்பிடக் கூடாது, அடுப்பு மூட்டினா எல்லாம் சரி" என்று சொன்னவர் உள்ளே படுத்திருக்கிறார். சுவருக்குள்ளிருந்து சூடு வருகிற வீட்டில் போய் என்ன செய்வது. எதைச் சுரண்டுவது, எதற்குத் திட்டுவது. அந்த வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அவளுக்கு மகளில் கோபம் வந்தது, பிறகு தன்னில் வந்தது, பிறகு டொக்டர்ப் பெட்டையில் வந்தது, யாரிலும் நிற்காமல் போய்விட்டது. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. பத்துப் பை என்ன, முழு அடுக்கு என்ன. எதையாவது சொல்லிவிடுவோம், எப்படியும் அவர் போகப் போகிறார், எதைச் சொன்னாலும் போகப் போகிறார். இந்தப் பொய்யைக் காப்பாற்றினாலும் போகப் போகிறார். முதல்தரமாக அவள் அதை அப்படி முழுசாக, சுற்றிவளைக்காமல் நினைத்தாள். நினைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

அவள் திரும்பி வந்தபோது நடேசன் எழும்பி இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் முதுகுக்குத் தலையணை வைத்தாள். எலும்புதான் கையில் பட்டது.

"அடுப்பை நிப்பாட்டும். ஆறட்டும். சாம்பல் பாக்கோணும்."

"குளிருமெல்லோ உங்களுக்கு."

"பரவாயில்லை. நிப்பாட்டும்."

நிறுத்தினாள். அடுப்புக்குள் இருக்கிற மின்விசிறி கொஞ்ச நேரம் ஓடி நின்றது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வீட்டுக்குள் சத்தமே இல்லாமல் போனது, அவருடைய மூச்சு மட்டும் கேட்டது, இழுத்து, நின்று, இழுத்து. ஆறுகிற இரும்பு இடைக்கிடை முறுகியது. அவள் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அந்த மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் இருக்கிற இடத்துக்குள் விழுந்து விழுந்து எழும்பினாள். பிறகு அடுப்பின் கதவைத் திறந்து கிண்ணத்தைத் தூக்கினாள். சுரண்டவே தேவையிருக்கவில்லை, கவிழ்த்துத் தட்டினதும் சோசருக்குள் கொஞ்சம் மா மாதிரி விழுந்தது, கிண்ணம் துப்புரவாக இருந்தது. மூன்று சோசரையும் மடியில் வைத்துக் காட்டினாள். கறுவலின் சாம்பல் கட்டிகட்டியாகச் சோசர் நிறையக் கிடந்தது. அவர் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார், விரலால் தொடவில்லை.

"வெள்ளையனையே எடுப்பம்."

வேணிக்கு விளங்கவில்லை. "என்ன, வெள்ளையனையோ? நீங்கள் தானே வாய்க்காரன், வாய்க்காரன் எண்டு கரிச்சுக் கொட்டுவியள். இந்தச் சனமெல்லாத்துக்கும் கறுவலை வாங்கு எண்டு சொல்லிப் போட்டு, நாங்கள் இதை எடுக்கிறதோ?"

"சாம்பல் இல்லை. கிழமைக்கொருக்காத் தட்டிவிட்டாக் காணும். நாளும் பொழுதும் சுரண்டத் தேவையில்லை."

"சுரண்டினா என்ன? நான் சுரண்டுறன்."

"உம்மடை நோகிற தோள்மூட்டோட நீர் எங்கை சுரண்டுறது." மூச்சு வாங்கினார். அவள் தண்ணீரை எடுத்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். "எர்மெஸ்ஸிட்டைச் சின்னப் பை இருக்கு. பெரிய பையை எடுக்காதையும். சின்னனிலை சொல்லும். அதெண்டா உமக்குத் தூக்கலாம். தொட்டி உயரம், பெரிய பையை உம்மாலை அதுக்கு மேல தூக்கிச் சரிக்கேலாது. நேற்று நீர் சுண்டாலை அள்ளிப் போடேக்கை பாத்தனான்."

 மூன்று நாளாக இந்த மனிசன் சுடரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்திருக்கிறார். சுண்டு எவ்வளவு உயரத்துக்குப் போகுது, கை எந்த இடத்தில் நடுங்குது, குனிந்து கிண்ணத்தை எடுக்கும்போது முகம் எப்படிச் சுளிக்குது. இதெல்லாம் எதற்கு. 

"எத்தினை சொல்லுறது?" கேட்டேவிட்டாள். மூன்று நாளாக ஒளித்து வைத்த கேள்வி தானாகவே வெளியில் வந்தது.

"முழு அடுக்கும்."

அப்பாடா, தெரியாது, ஒன்றும் தெரியாது, சித்திரை மட்டும் கணக்குப் போடுகிறார் என்று ஒரு கணம், ஒரேயொரு கணம், அவளுக்கு உடம்பெல்லாம் ஆறுதலாக இருந்தது.

"தை மாசிக் குளிர் தான் பொல்லாதது" என்றார் நடேசன். "கௌசி கூப்பிடுவாள். உடனை போகாதையும். ஒரு குளிருக்காவது இஞ்ச இரும். வீட்டைக் குளிர விட்டிட்டு, புகாருக்கை தனிய இருந்து அழப்பிடாது."

"என்ன கதை கதைக்கிறியள்?" என்றாள். "டொக்டர் சொன்னவ எல்லோ, குளிர்காலம் முடியட்டும், பிறகு..."

"வேணி." அவர் சிரித்தார், டொக்டரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. "அந்தப் பிள்ளை இரண்டுதரம் இன்வேர்னோ எண்டு சொன்னது. வருசா வருசம் பையிலை வாசிக்கிற சொல்லு. முழுசா எண்டு சொல்லமாட்டன் எண்டது. அதுவும் விளங்கினது. நீர் நல்லாத் தான் மாத்திச் சொன்னீர்."

வேணி அழுதாள். மூன்று சோசரும் மடியில் இருந்தபடியால் குனியவும் முடியாமல், கையால் முகத்தைப் பொத்தவும் முடியாமல், நிமிர்ந்து இருந்தபடியே அழுதாள். வெட்கமாக இருந்தது. இத்தனை கிழமையும் அவரை நோகாமல் காக்கிறேன் என்று அவள் நினைத்திருக்க, நம்பினவர் மாதிரிக் கிடந்து அவளை அவர் காத்திருக்கிறார், அந்த வருத்தத்துக்குள் இந்த வேலையையும் செய்திருக்கிறார், தமையனைப் போல. தெரிந்துவிட்டது, சொல்லியாயிற்று, ஆனாலும் அவர் அந்த இடத்தில்தான் படுத்திருக்கிறார், ஒன்றும் நடந்துவிடவில்லை. நடக்கப்போவதும் மாறிவிடவில்லை. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதைத் தவிர அவர்களுக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை.

"கடை பூட்டப் போறான்" என்றார் அவர். "குளிருது. அடுப்பையும் மூட்டிவிடும்."

அவள் சோசர்களை மேசையில் வைத்தாள். மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கராஜுக்குப் போகத் தேவையில்லை, வெள்ளையன் பை பக்கத்திலேயே கிடந்தது, மிச்சத்தைத் தொட்டிக்குள் அள்ளிப்போட்டு அடுப்பை மூட்டினாள். பிறகு போனை எடுத்தாள். எர்மெஸ் உடனே எடுத்தான், பெலட் நடேசன் இந்த வருசம் எதைத் தெரிவு செய்தார் என்று பகிடியாகக் கேட்டான், அபேத்தே என்றதும் நம்பவில்லை, இரண்டாம்தரம் கேட்டான். சின்னப் பை, முழு அடுக்கு, ஓம், வழக்கமான விலாசம்தான். அவன் எழுதிக்கொண்டான். வழக்கம்போல வாசலில் இறக்கிவிட்டால் போதும்தானே, உள்ளே கொண்டுபோய் அடுக்குவது நடேசன்தானே என்று கேட்டான். வேணி கதவடியில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தாள்.

"என்னவாம்?" என்றார் நடேசன் சோபாவிலிருந்து.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். இந்தமுறை ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"வாசலிலை இறக்கினாக் காணுமோ, நீங்கள் தானே உள்ளுக்கை அடுக்குவியள் எண்டு கேக்கிறான்."

முதல் பெலட் டிக் என்று கிண்ணத்தில் விழுந்தது.

"இல்லையெண்டு சொல்லும்" என்றார். "மனிசி தான் தூக்குவா, கராஜுக்கை கதவுக்குக் கிட்டவே அடுக்கிவிடச் சொல்லும்."

வேணி போனைக் காதில் வைத்து, அவர் சொன்னதை அப்படியே இத்தாலியனில் சொன்னாள்.